கேம் பெட்டிக்குள் நின்றுபோன பச்சை

உங்களோடு பேசக் கூப்பிட்டவர்கள் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், நின்றுகொண்டே பேசுகிறேன். வேலையில் இருந்த காலம் முழுக்க லைன் ஓரமாக நடந்தே பழகிய கால்கள். ஓய்வு பெற்ற பிறகும் குக்கர் விசில் தாமதமானால் அடுப்படிக்குப் போய் எட்டிப் பார்க்கிற ஆள் நான். வீட்டில் எல்லோருக்கும் இது ஒரு தொந்தரவு.

நீங்கள் தரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். எதை எப்படி அளப்பது, எந்தப் படிவத்தில் எழுதுவது என்பதெல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரு மதிய நேரத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

2013 கோடை. மண்ணூர்ப் பக்கம் இருந்த சின்ன தொழிற்சாலை ஒன்றில் நான் தரப் பிரிவுப் பொறுப்பாளர். கார்களுக்கான ஒயர் கட்டுகள் செய்வோம். லைனில் அதை ஹார்னஸ் என்பார்கள். ஒரகடம் பக்கத்துக் கார் கம்பெனி ஒன்றுக்கு ஏர்பேக் ஹார்னஸ் எங்களிடமிருந்துதான் போனது. மோதினால் ஏர்பேக் விரிய வேண்டும் என்ற செய்தி அந்த ஒயர் வழியாகத்தான் போகும். அதில் ஒரு முனை அரைகுறையாக உட்கார்ந்திருந்தால் முதலில் வெளியே தெரியாது. கார் ஓடும், ஏசி வரும், பாட்டுக் கேட்கும். மேடு பள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி என்றைக்காவது அந்த முனை கழன்றுகொள்ளும். அதனால் ஒவ்வொரு ஹார்னஸையும் ஒரு சோதனைப் பலகையில் செருகிப் பார்த்துத்தான் அனுப்புவோம். அந்தப் பலகைக்கு ஜிக் என்று பெயர். சரியாக இருந்தால் கணினித் திரை முழுக்கப் பச்சையாகும், தவறாக இருந்தால் சிவப்பு.

அந்தக் கணினி ஒருநாள் செத்துப்போனது. புதிதாக வாங்க மேலிடத்து அனுமதி வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். அப்போதுதான் இசக்கிராஜ் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு டிரெயினியாக வந்தவன். படப்பையில் நண்பர்களோடு ஒரு அறையில் தங்கியிருந்தான். என் மகன் வயது, அதனால் அவன் இவன் என்றே சொல்கிறேன்.

"மேடம், கையகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் போர்டு புதுசா வந்திருக்கு. நம்ம சோதனைப் புரோகிராமை அதுல ஏத்திருதேன். எனக்கு ரெண்டு நாள் குடுங்க."

"போர்டை அப்படியே லைனில் வைக்க முடியாதே. ஒயர் பிசிறு ஒண்ணு மேலே விழுந்தா போச்சு."

"அதுக்குப் பெட்டி இருக்கு மேடம்" என்று சிரித்தான்.

மறுநாள் அவன் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. கேசட் போட்டு டிவியில் விளையாடுவோமே, அந்தப் பழைய வீடியோ கேம். அறை நண்பனுடையது, உள்ளே எல்லாம் செத்துப் பல வருடமாகிவிட்டது. இசக்கி அதன் குடலை எடுத்துவிட்டு, உள்ளே குறுக்கே நின்ற பிளாஸ்டிக் தடுப்புகளைச் சூடான பிளேடால் அறுத்து, புதிய போர்டைப் பொருத்தியிருந்தான். விளையாட்டுக் கைப்பிடிகளைச் செருகும் ஓட்டைகள் வழியாக ஜிக்குக்குப் போகும் ஒயர்கள் வந்தன. பவர், ரீசெட் பட்டன்கள் இரண்டும் பழைய இடத்திலேயே இருந்து புதிய வேலையைச் செய்தன. மேலே கேசட் போடும் வாயை மட்டும் திறந்தே விட்டு, அதில் கொசுவலைத் துண்டு ஒட்டியிருந்தான். சூடு வெளியே போகும், பிசிறு உள்ளே விழாது.

நான் கார் கம்பெனியின் தரப் பிரிவில் பேசி, தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி அனுமதி வாங்கினேன். அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஷிப்ட் தொடங்கும்போது ஒருமுறை, சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் ஒருமுறை, வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஹார்னஸ் ஒன்றைச் செருகிப் பார்க்க வேண்டும். அதற்குச் சிவப்பு வந்தால்தான் லைன் ஓடலாம்.

கேம் பெட்டி நன்றாகவே வேலை செய்தது. லைன் பெண்கள், "ஆடப் போலாமா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்வார்கள். எங்கள் ஜி.எம். ஒருவருக்குத்தான் அது கண்ணை உறுத்தியது. "கஸ்டமர் வந்து பாத்தா என்ன நினைப்பான்? பொம்மையை வச்சு ஏர்பேக் சோதிக்கிறோம்னு சிரிக்க மாட்டான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் காலை நான் தண்டலத்துக் கல்லூரி ஒன்றுக்கு ஆள் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சாப்பாட்டு இடைவேளை முடிந்து லைன் ஓட ஆரம்பித்திருந்தது. சோதனை மேஜையில் உட்காரும் செல்வி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா?"

"மேடம், கெட்ட பீஸைச் செருகினேன். பச்சை வந்துச்சு. நான்தான் மாத்திச் செருகிட்டேனோன்னு எடுத்துட்டு மறுபடி செருகினேன். அப்பவும் பச்சை. எடுத்து வெறுமனே வச்சாலும் பச்சை."

லைன் சூப்பர்வைசர் பாஸ்கர் குறுக்கே வந்தார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், கெட்டிக்காரர், லைன் நின்றால் அவருக்கு உடம்பே சரியில்லாமல் போய்விடும்.

"அது ஒண்ணுமில்ல மேடம், ஹேங் ஆயிடுச்சி. மூடியைத் தூக்கி ஒரு தபா ரீசெட் அமுக்கினேன், சரியாப் பூட்ச்சி. இப்ப கெட்ட பீஸுக்குச் செவப்பு வருது பாருங்க. நல்லாத்தான் கீது."

அப்போதுதான் மேஜையைப் பார்த்தேன். கேம் பெட்டியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் கம்பெனி நிறத்தில் பளபளவென்று ஒரு நீலப் பெட்டி. ஜி.எம். சொல்லிச் செய்தது, காலையில்தான் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேம் பெட்டி அதற்குள் இருந்தது. நீலப் பெட்டியில் காற்றுப் போக ஒரு ஓட்டைகூட இல்லை.

இசக்கியைக் கூப்பிட்டேன். அவன் ஓடிவந்து நீலப் பெட்டியைத் தூக்கி, கேசட் வாயின் மேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான்.

"தோசைக்கல்லு மாதிரி இருக்கு மேடம். சூட்டுல நின்னுபோயிருக்கு. கடைசியா வந்த பச்சை அப்படியே திரையில நின்னுருக்கு."

"எப்போதிலிருந்து?"

அவன் ரீசெட் பட்டனைப் பார்த்தான். ரீசெட் அமுக்கியாகிவிட்டது, அந்தப் பெட்டியிடம் இனி எதையும் கேட்க முடியாது. செல்வியைப் பார்த்தேன். அழ ஆரம்பித்திருந்தாள். "நான் கையைத்தான் பாத்துட்டு இருந்தேன் மேடம். ஓரக்கண்ணுல பச்சை தெரியுதான்னு மட்டும்தான் பாப்பேன்." அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாள் முழுக்க அந்த வேகத்தில் செருகச் சொன்னவர்கள் நாங்கள். ஒரு பீஸை எடுத்து அடுத்ததைச் செருகும்வரை பச்சை அப்படியே இருக்கும்படிதான் புரோகிராமும் இருந்தது.

"காலையில் டெஸ்ட் பண்ணின பீஸெல்லாம் எங்கே?" என்று பாஸ்கரைக் கேட்டேன்.

"வண்டி போயிடுச்சி மேடம். சாப்பாட்டுக்கு முன்னாடியே கெளம்பிட்ச்சி."

என் காதில் லைன் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. "லைனை நிறுத்துங்க. டிரைவருக்குப் போன் போடுங்க" என்றேன். பாஸ்கர் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

லைன் நின்ற செய்தி ஜி.எம். அறைக்கு எப்படித்தான் போகுமோ, அவர் வந்துவிட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். நீலப் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் திரும்பாமல் இசக்கியைப் பார்த்தார்.

"தம்பி, நீதானே செஞ்சே? நீயே சொல்லு. சாப்பாட்டு நேரத்துலதானே ஹேங் ஆயிருக்கும்? லைன் நின்னிருந்தது, யாரும் தொடலை, அப்பத்தானே?"

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அவர் குரலில் மிரட்டல் இல்லை. அன்பாகத்தான் கேட்டார். ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வா தம்பி என்று கூப்பிடுவது போலக் கேட்டார். 'ஆமாம் சார்' என்று சொன்னால் போதும். வண்டி போய்ச் சேரும், லைன் ஓடும், எல்லோரும் வேலையைப் பார்ப்போம். அவன் சொன்னது பொய் என்று நிரூபிக்கவும் யாராலும் முடியாது. உண்மையிலேயே சாப்பாட்டு நேரத்தில்தான் நின்றிருக்கலாம். அடுத்த மாதம் அவனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம். கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரே நிற்கிறார்.

இசக்கி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தலையசைத்திருப்பேனா, குனிந்திருப்பேனா, தெரியாது. அவன் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியாது சார்."

"தோராயமா சொல்லுப்பா."

"தோராயமாவும் தெரியாது சார். காலையில மூடி போட்டதுல இருந்து எப்ப வேணும்னாலும் நின்னுருக்கலாம்."

ஜி.எம். முகம் இறுகியது. "கார் கம்பெனியில லைன் நின்னா யார் பதில் சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. நின்றிருந்தால் பேசிப் பேசியே என் மனதை மாற்றியிருப்பார். எனக்கு என்னைத் தெரியும். வாதாடத் தெரியாது, நடக்கத் தெரியும்.

"இசக்கி, கேம் பெட்டியைக் கழட்டு. ஜிக்கையும் கெட்ட பீஸையும் எடு. உன் வண்டி எங்கே நிக்குது?"

கம்பெனிக் கார் வெளியே போயிருந்தது. அவன் பைக்கின் பின்னால் ஏறினேன். மடியில் ஜிக், தோளில் ஒரு துணிப்பைக்குள் கேம் பெட்டி. புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டேன். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடம் சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள். மணல் கண்ணில் அடித்தது. எதிரிலும் முன்னாலும் தெரிந்த ஒவ்வொரு மினி லாரியும் எங்கள் வண்டியாகவே தெரிந்தது. ஒவ்வொன்றையும் நெருங்கிப் பார்ப்பேன், வேறு வண்டியாக இருக்கும்.

வழியெல்லாம் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒன்றும் இருக்காது, வீணாக ஊரைக் கூட்டுகிறோம் என்று தோன்றும். அடுத்த நிமிடம், ஒன்றே ஒன்று இருந்தால் என்று தோன்றும். டிரைவர் எங்காவது சாப்பிட நின்றிருக்க மாட்டாரா என்று நினைப்பேன். உள்ளே போயிருந்தால், பெட்டிகளைப் பிரித்திருந்தால், காரில் மாட்டியிருந்தால் என்று நினைப்பேன். ஒரு லாரியை முந்தும்போது இசக்கி, "கெட்டியாப் புடிச்சிக்கிடுங்க மேடம்" என்றான்.

கார் கம்பெனி வாசலில் வண்டிகள் வரிசையில் நின்றன. முன்னாலிருந்து இரண்டாவது எங்களுடையது. டிரைவர் இறங்கி நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். போன் முன் சீட்டில் சார்ஜில் கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கும் நிம்மதிக்கும் அவரை என்ன சொல்வதென்று தெரியாமல், "வண்டியை ஓரங்கட்டுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. ஜி.எம்.

"வண்டியைப் புடிச்சிட்டீங்களா? நல்லது. டயர் பஞ்சர்னு சொல்லித் திருப்பிக் கொண்டாந்துடுங்க. அங்கே வேற எதுவும் வாயைத் திறக்காதீங்க."

அதுவும் நியாயமாகத்தான் தோன்றியது. பஞ்சர் என்றால் யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் போக ஒரு மணி நேரம், சோதிக்க இரண்டு மணி நேரம், திரும்பி வர ஒரு மணி நேரம். அதுவரைக்கும் அவர்கள் பஞ்சர் ஒட்டி முடியும் முடியும் என்று காத்திருந்து, வேறு ஏற்பாடு செய்ய நேரமில்லாமல் மாட்டிக்கொள்வார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் இடத்திலேயே சோதிக்க விடுவார்களா என்று கேட்கலாம். பஞ்சர் என்று சொல்லிவிட்டால் அதைக் கேட்க முடியாது. "அப்புறம் பேசறேன் சார்" என்று வைத்துவிட்டேன்.

வாசலில் செக்யூரிட்டி துணிப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது? வீடியோ கேமா? இதெல்லாம் உள்ள வுட முடியாது."

"கேம் இல்லண்ணே, கம்ப்யூட்டரு" என்றான் இசக்கி.

"கம்ப்யூட்டர்னா அதுக்குத் தனியா பாஸ் வோணுமே."

இசக்கி என்னைப் பார்த்தான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். உள்ளே போன் செய்யச் சொன்னேன். வரும் பொருட்களைச் சரிபார்க்கும் பிரிவின் தலைவர் வெளியே வந்தார். அதிகம் பேசாதவர், எங்களுக்கெல்லாம் அவரிடம் கொஞ்சம் பயம். வெயிலிலேயே நிற்கவைத்துக் கேட்டார்.

"எத்தனை பீஸ் டெஸ்ட் ஆகாம வந்திருக்கு?"

"தெரியாது சார்."

"எப்போதிலிருந்து?"

"தெரியாது. காலை ஷிப்ட் ஆரம்பத்துல சரியா இருந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் சரியா இல்லை. நடுவுல என்ன நடந்ததுன்னு தெரியாது. அதனால வண்டியில இருக்கறது அத்தனையும் சந்தேகம்தான். டெஸ்டரைக் கையோட கொண்டாந்திருக்கோம். ஒரு மேஜையும் ஒரு மானிட்டரும் குடுத்தீங்கன்னா இங்கேயே சோதிச்சுக் குடுத்துடறோம்."

அவர் துணிப்பையை வாங்கி அந்தப் பழைய பிளாஸ்டிக் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்ககிட்ட ஸ்டாக் ரொம்ப இல்லை. லைன் நிக்கும், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"சரி, வாங்க."

சரக்கு இறக்கும் இடத்துக் கூரைக்குக் கீழே மேஜை போட்டார்கள். இசக்கி கேம் பெட்டியின் மேல் மூடியையே கழற்றி ஓரமாக வைத்தான். ஒரு நின்ற ஃபேனைக் கொண்டுவந்து அதன் பக்கம் திருப்பினான். பிறகு ஒரு கீபோர்டு கேட்டு வாங்கி, எல்லோரும் அவசரப்படுத்த அவசரப்படுத்த, புரோகிராமைத் திறந்து எதையோ மாற்றினான். "பீஸை எடுத்ததும் பச்சை அணைஞ்சிரணும் மேடம். ஒவ்வொரு பீஸும் தன்னோட பச்சையைத் தானே வாங்கணும்" என்றான். பிரிவுத் தலைவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் கெட்ட பீஸைத் தன் கையாலேயே செருகிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் சிவப்பு வந்தது.

நான் எடுத்துக்கொடுத்தேன், இசக்கி செருகினான். பாதி பெட்டி முடிந்திருந்தபோது உள்ளே அவர்களுடைய லைன் நின்றது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? சுவருக்கு அந்தப் பக்கம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கிப்போய், ஆட்கள் பேசுவது கேட்டது. இசக்கியின் விரல்கள் ஒரு கணம் தயங்கின. "நீ செருகு" என்றேன். முடிந்த பெட்டிகளை அவர்கள் ஆட்கள் ஓட்டமாக உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளி எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அது ஒரு முழு நாள்.

வண்டி காலியாகும்போது வெயில் இறங்கியிருந்தது. ஒரு பீஸ்கூடச் சிவப்பு வரவில்லை. எல்லாம் நல்ல பீஸ்.

"இதுக்கா லைனை நிறுத்தினீங்க?" என்றார் அங்கிருந்த இளைஞர் ஒருவர். பிரிவுத் தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். எங்களுக்கு டீ சொன்னார். நன்றி என்றோ பரவாயில்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் புகார்க் கடிதம் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

புகாருக்கு நான் எழுதிய பதிலில், காற்றுப் புகாத மூடி போட்டதால் சூடேறி நின்றது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எடுக்கச் சொன்னார் ஜி.எம். நான் எடுக்கவில்லை. அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அவர் என்னோடு வேலை விஷயம் தவிர வேறு பேசியதில்லை. இசக்கிக்கு வேலை நிரந்தரமாகவில்லை, ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். நான் எத்தனையோ முறை ஏறி இறங்கினேன், நடக்கவில்லை. அவன் ஆறு மாதம் காத்திருக்கவும் இல்லை. ஓசூரில் ஒரு வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டான். கேன்டீனில் என்னிடம் சொல்ல வந்தபோது கேட்டேன், வருத்தமா இருக்கா என்று.

"வருத்தம்தான் மேடம். அம்மைகிட்ட வேற பெர்மனென்ட் ஆயிரும்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் யோசித்தான். "ஆனா அன்னைக்குச் சாப்பாட்டு நேரம்னு சொல்லியிருந்தேன்னா, அந்த வண்டியில எல்லாம் நல்ல பீஸுதான்னு இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்லா? ரோட்டுல போற காரையெல்லாம் பாத்துக்கிட்டே திரிஞ்சிருப்பேன்."

ஒன்றும் இல்லாததற்கு லைனை நிறுத்தியவள் என்று என்னை இன்றும் சிலர் சொல்வதுண்டு. உங்களுக்கும் அப்படிப் பெயர் வரும். ஒன்றும் இல்லை என்பது தேடிப் பார்த்த பிறகுதான் தெரியும் என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இருக்காது. விட்டுவிடுங்கள்.

இசக்கி போன அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் இருந்தேன். பாஸ்கர் போன் செய்தார். அன்று ஓ.டி. போட்டு லைன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குரல் வழக்கம்போல அவசரமாக இல்லை, தணிந்திருந்தது.

"மேடம், ஒயர் முனை அழுத்துற மெஷின்ல ஏதோ ராங்கா கீது. எப்பலேர்ந்துன்னு தெரியல. லைனை நிறுத்திட்டேன். கெளம்ப இருந்த வண்டியையும் நிறுத்திட்டேன்." பிறகு சொன்னார். "நான் எதையும் தொடல மேடம். அப்டியே கீது. வந்து பாருங்க."

அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.